மேகத்துக்குப் போன நூலகம்

அறிவுக்கு அழிவில்லை, காவல் ஆய்வாளர் அவர்களே. ஸ்ஃபாக்ஸ் நகர நூலகம் முழுவதையும் எலிக்கும் ஈரத்துக்கும் எட்டாத உயரத்தில், இணையக்காரர்கள் சொல்லும் மேகத்தில் ஏற்றிவைத்த நூலகர் நான். அந்த மேகம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி விளக்கம் சொன்ன நாளில் பல் பிடுங்கப் போயிருந்தேன்.

புத்தகங்களைப் படம் பிடித்து அனுப்பிய பிறகு கீழே மிஞ்சியது வெறும் காகிதம். அதைக் கட்டிக்கொண்டு அழ நான் என்ன வாசகனா? வாசகர்களை எனக்குப் பிடிக்காது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள், மின்விசிறிக்கு அடியில் குறட்டை விடுவார்கள், மூலையில் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்புவார்கள். பாதிப் புத்தகங்களை அந்த விதை விற்பவனுக்கே பொட்டலம் மடிக்கக் கொடுத்தேன். அட்டை நன்றாக இருந்தவற்றுக்கு வேறு பெயரில் ஓர் இணையக் கடை திறந்தேன்.

சில புத்தகங்கள் வக்ஃபு, இறந்தவர் பெயரில் விட்ட அறக்கொடை. விற்கக் கூடாது. திறப்பவர் முதல் பக்கத்தில் உள்ள பெயருக்கு ஒரு ஃபாத்திஹா ஓத வேண்டும். லல்லா மன்னூபியா தன் மகன் வஜ்தியின் கப்பல் இயந்திரப் புத்தகத்தை அப்படித்தான் கொடுத்திருந்தார். வஜ்தி இத்தாலிக்குக் கள்ளப் படகு ஏறியவன். உடல் கிடைக்கவில்லை. கல்லறை என்று அவருக்கு இருந்தது அந்த ஒரு பக்கம்தான். வியாழன்தோறும் வந்து ஓதுவார். மாணவர்கள் யாராவது எடுத்துப் படித்தார்களா என்று கேட்டுவிட்டுப் போவார்.

காலி அலமாரியைப் பார்த்ததும் என் அறைக்கு வந்தார்.

"எங்க ஸி நாஜி, என் புள்ளையோட புத்தகம்?"

"மேகத்துல பத்திரமா இருக்கு, லல்லா. உலகமே படிக்கலாம்."

"அந்த முதல் பக்கமும் மேல போயிருக்கா?"

அது உள்ளடக்கத்தில் சேராது என்பதால் படம் பிடிக்கவில்லை. போயிருக்கிறது என்றேன்.

"கடல்ல தேடி முடிச்சேன். இனி வானத்துலயும் தேடணுமா?" என்றார். பெண்கள் எதையும் பெரிதுபடுத்துவார்கள்.

பிறகு அவருடைய தங்கை மகளின் கைபேசியில் என் கடை அவர் கண்ணில் பட்டுவிட்டது. அட்டையில் வஜ்தி சிந்திய காபிக் கறையை அடையாளம் கண்டு உடனே வாங்கினார். முகவரியில் அவர் பெயரைப் பார்த்ததும் முதல் பக்கத்தைக் கிழித்தேன். 'உள்ளே கிறுக்கல் இல்லை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக என்னிடமே வந்தார்.

"பாருங்க ஸி நாஜி, எவனோ உங்ககிட்டேருந்து திருடி வித்திருக்கான். என் புள்ளை பேரையே கிழிச்சுட்டான் படுபாவி. அவன் கை புழுத்துப் போக."

"ஆமீன்" என்றேன். ஆரஞ்சுப்பூ நீர் விட்ட காபி வரவழைத்தேன். அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் மகன் பெயரை எழுதி, முன்பக்கத்தில் ஒட்டி, மறுபடியும் வக்ஃபு செய்து என் கையில் கொடுத்தார்.

"இதை மட்டும் மேகத்துக்கு அனுப்பாதீங்க."

அனுப்பவில்லை. கடையில் போட்டேன்.

இந்தமுறை தங்கை மகளின் பெயரில் வாங்கியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? பசை வேறு கெட்டியாகப் பிடித்திருந்தது. கிழித்தால் அட்டையும் கையோடு வந்துவிடும். அப்படியே அனுப்பினேன். என் ஒருவன் கையில் மட்டும் கொடுத்த பக்கத்தைப் பார்த்ததும் என்னிடம் வராமல் உங்களிடம் வந்துவிட்டார். மரியாதை தெரியாதவர்.

விற்றேனா என்றால், விற்றேன். ஒரே புத்தகத்தை இரண்டு முறை. உலகமே ஒரே கடையாகிக்கொண்டிருக்கும் காலத்தில் ஸ்ஃபாக்ஸ் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு நூலகத்தையே காலி செய்தேன். மற்ற வாடிக்கையாளர்களையும் விசாரிக்க வேண்டும், அவர்கள் பெயரைச் சொல் என்கிறீர்கள்.

மற்றவர்கள் யாரும் இல்லை. கடை திறந்ததிலிருந்து அதில் வாங்கியவர் லல்லா மன்னூபியா ஒருவர்தான்.