“ஆள் வருது” என்று சொன்னவன் பேசுகிறேன்

விசிறியில்லா மேடையிலும் வியர்க்காமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! ஓசிப் படத்தையும் ஒய்யாரமாகச் சாய்ந்து பார்க்கும் பெரியோர்களே! பிற்பகல் மூன்று மணிக்கே படுக்கைவிரிப்போடு படையெடுத்துப் பூங்காவைப் பட்டா போட்டுக்கொண்ட தாய்மார்களே! இடமின்றி வேலியோரம் நிற்கும் என் சொந்தங்களே! அனைவருக்கும் மாலை வணக்கம்.

என்ன தம்பி? படத்தைப் போடணுமா? போடலாம். கோடைச் சூரியன் இறங்கினால்தானே திரையில் நாயகன் தெரிவான்? “இருட்டுற வரைக்கும் கூட்டத்தைப் பிடிச்சு வைங்க” என்றார் தலைவர். ஆகவே உங்களுக்கும் படத்துக்கும் நடுவே நிற்பது நானல்ல, வெயில். கைதட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

இந்த மாநகரத்தில் இலவசமாகக் கிடைப்பது எது? காற்றா? ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நிலாவா? அதை மறைக்க எதிரே பன்னிரண்டு மாடி. நிழலா? அதில் ஒரு கார் நிற்கிறது. கோடை வெள்ளிக்கிழமைகளில் இந்தத் திரை ஒன்றுதான் இலவசம். அந்த இலவசத்தை நாம் என்ன செய்தோம்? விரிப்பை விரித்து, நாலு மூலைக்கு நாலு செருப்பை வைத்தால் அது நம் பரம்பரைச் சொத்து! யார் வந்து கேட்டாலும் மந்திரம் இரண்டே சொல்: “ஆள் வருது!”

எங்கள் கூட்டத்தில் மூன்று பேர். தையற்காரர், பஸ் ஓட்டுநர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான். தையற்காரர் எங்கள் மூன்று விரிப்புகளின் ஓரத்திலும் டிச் பட்டன் வைத்துத் தைத்தார். அழுத்தினால் மூன்றும் ஒன்று. பதினோரு கோடையாக அதன்மேல்தான் சிரித்தோம், அழுதோம், சில படங்களுக்குத் தூங்கியும்விட்டோம்.

போன வாரம் இடம் காப்பது என் முறை. ஓர் அம்மா வந்தார். “தம்பி, முழங்கால் வலிக்குது. ஓரமா உக்காந்துக்கவா?” நான் நிமிர்ந்தேன். முகத்தைப் பார்த்தேனா? இல்லை, மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். ‘ஆகா, என்ன ஃபிரேம்! எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே!’ என்று வியந்தேன். வியந்துவிட்டு, “ஆள் வருதும்மா” என்றேன்.

படம் பாதி ஓடியபின், வேலை முடித்து ஓட்டுநர் வந்தார். வேலியோரம் நின்றிருந்த அதே அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அன்று காலையில்தான் ஊரிலிருந்து வந்த அவருடைய தாய்! அந்தக் கண்ணாடி, முன்பு ஓட்டுநர் கொண்டுவந்த டாக்டர் சீட்டைப் பார்த்து நானே செய்து கொடுத்தது! நான் யாருக்காக இடம் காத்தேன்? மகனுக்காக. யாரை விரட்டினேன்? அவனைப் பெற்றவரை!

“உங்கம்மான்னு தெரியாதுடா” என்றேன்.

“தெரிஞ்சாத்தான் உக்கார விடுவியா?” என்றார்.

குனிந்தார். டக், டக். தன் விரிப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரமாக என் போனை எடுக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதோ, இன்றும் வேலியோரம் இருவரும் நிற்கிறார்கள். ஏன்? உள்ளே ஆள் வருதாம்! சிரிக்கிறீர்களா ஐயா? உங்கள் பக்கத்தில் நாலு செருப்பு வசதியாக உட்கார்ந்திருக்கிறதே, அவை படம் பார்த்துக் கதை சொல்லுமா?

அம்மா, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

பெரியோர்களே! வருகிற ஆள் வரும்போது வரட்டும், வந்த ஆள் உட்காரட்டும்! மடியுங்கள் விரிப்பை! எடுங்கள் செருப்பை! திறக்கட்டும் வேலிக்கதவு! முதல் வரிசைத் தாய்மார்களே, முழுதாக வேண்டாம், பாதி மடித்தால் போதும். ஆ, அப்படித்தான்! தையற்காரரே, கொஞ்சம் நகருங்கள். அம்மா உட்கார்ந்துவிட்டார். டேய் ஓட்டுநரே, நீ? குனிகிறான்... விரிக்கிறான்... டக்! இன்னொன்றும் போடுடா... டக்!

இருட்டிவிட்டது. மேடையிலிருந்து திரை தெரியாது என்பதால் தலைவர் மெல்ல நழுவிப்போய் என் இடத்தில் உட்காரப் பார்க்கிறார். அம்மா அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன சொல்கிறார் தெரிகிறதா?

“ஆள் வருதுப்பா!”

பொறுத்துக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம். இதோ வந்துவிட்டேன், அம்மா!