தீட்டு நின்ற பிறகு வந்த அழுகை

எல்லைப் போராட்ட ஊர்வலம் போவதற்காகப் பாறசாலையில் எங்கள் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு முன்னிருக்கையில் ஐம்பதை ஒட்டிய ஒருத்தி தன் அண்ணன் மனைவியிடம் சொன்னாள்:

"மைனி, நீங்க இல்லேண்ணா நான் இண்ணு கிணத்துக்குள்ளயாக்கும் கிடப்பேன்."

"மெள்ள பேசு மக்கா. ஆளுக கேக்குது."

"கேக்கட்டும். தீட்டு நிண்ணதிலேருந்து ஒறக்கமில்ல, காரணமில்லாத அழுகை. பேய் பிடிச்சிருக்குண்ணு வீட்டுக்காரரு மந்திரவாதியைத் தேடினாரு. நீங்கதான் இந்தப் போராட்டத்தில பஸ் ஓடாத அண்ணும் என் கையைப் பிடிச்சு டாக்டரம்மாட்ட நடத்திக் கூட்டிட்டுப் போனிய."

"அவங்கதானே சுகமாக்கினாங்க?"

"இந்த வயசில உடம்பில ஊறுத ஹார்மோன் குறையும், அது மனசையும் வாட்டும், பேயுமில்ல பைத்தியமுமில்லண்ணு சொன்னாங்க. அதைக் கேட்டப்பளே பாதி பாரம் இறங்கிச்சு. மருந்து பொறவுதான்."

மைனி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் வந்திச்சு மக்கா. ரெண்டு வருசம் அடுப்புக்கு முன்னால இருந்து அழுதேன். கேட்டவங்ககிட்ட புகைண்ணு சொன்னேன்."

"உங்களை ஆரு கூட்டிட்டுப் போனா?"

"ஆருமில்ல. அதுனாலதான் உன்ன விடல்ல."

ஊர்வலம் கடந்து பஸ் கிளம்பியது. இறங்கும்வரை அவள் மைனியின் கையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.