பின்னாடி ரூம் சுவிட்ச்

அதான் சொல்றேனே தம்பி, இந்தப் புது சுவிட்சை ஹால்ல போட்டுக்குங்க, வாசல்ல போட்டுக்குங்க, மாடியில வேணும்னா படிக்கு ஒண்ணா போடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பின்னாடி ரூம்ல மட்டும் கை வைக்காதீங்க. அங்க பழைய சுவிட்சே இருக்கட்டும்.

பையன் ஆர்டர் குடுத்தான், தெரியும். வெளியூர்ல உக்காந்துக்கிட்டு ஆர்டர் போடுறதுல அவன் கெட்டிக்காரன். ஆனா வீடு என் பேர்ல இருக்கு. இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் என்னைத்தான் கேக்கணும்.

எங்க, அந்த பிளானைக் காட்டுங்க. இது வாசல்... இது சமையலறை... ம். சமையலறை லைட்டு எரிஞ்சா அவன் போன்ல தெரியும். நான் எந்திரிச்சு நடந்தா இந்தச் சின்ன டப்பா பாத்துட்டுப் போய் அவன்கிட்ட சொல்லும். பாதுகாப்புக்குத்தான், ஆமா ஆமா. அம்மா தனியா இருக்கா, விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும். அவனும் இதையேதான் சொன்னான், வார்த்தை மாறாம.

நான் என்ன வேலை பாத்தேன்னு தெரியுமா? டெலிபோன் எக்சேஞ்ச்ல ஆபரேட்டர். அப்பல்லாம் நாங்க ஒயரை எடுத்து ஓட்டையில சொருகினாத்தான் ஒருத்தரோட ஒருத்தர் பேச முடியும். சொருகிட்டா, பேசுறது அத்தனையும் எங்க காதுல விழும். அதனால இந்த மாதிரி சாமானைப் பாத்தாலே எனக்கு முதல்ல தோணுறது இதுதான்: அந்தப் பக்கம் யாரு காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க?

அந்த ரூமா? தட்டுமுட்டுச் சாமான் கிடக்கு. கால் உடைஞ்ச நாற்காலி, பழைய பெட்டி, அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு ரெண்டு சென்சார்? ஹாலுக்கே ஒண்ணுதானே போட்டிருக்கீங்க?

அவனே சொன்னானா. அந்த ரூமுக்குக் கட்டாயம் வேணும்னு சொன்னானா.

சரி.

இல்ல தம்பி, முடியாது. நீங்கதானே ஹால் சுவிட்ச் பாக்ஸைக் கழட்டிப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினீங்க, பழைய வீடு, நியூட்ரல் ஒயர் வரல, அது இல்லாம இந்தப் புது சுவிட்ச் வேலை செய்யாதுன்னு. அந்த ரூம்லயும் வராது. ஹால்ல வேணும்னா புதுசா இழுத்துக்குங்க. அந்த ரூம் சுவத்தை உடைக்க நான் விட்டாத்தானே.

பேன் சத்தமா? ஆமா, ஓடுது. எலிக்குப் புழுக்கமா இருக்கும்ல. சிரிங்க, சிரிங்க.

நான் ரெண்டு டம்ளர்லதான் டீ குடிப்பேன். ஒண்ணுல சூடா, ஒண்ணுல ஆறினதா. நீங்க லைட்டு போட வந்தீங்களா, என் பாத்திரத்தை எண்ண வந்தீங்களா?

ஐயோ, அங்க மெயின் போர்டுல என்ன பண்றீங்க? எந்த பிரேக்கர் எந்த ரூமுக்குன்னு பாக்கிறீங்களா? அந்த ஓரத்துல இருக்கறதைத் தொடாதீங்க. தொடாதீங்கன்னு சொல்றேன்ல!

அணைச்சிட்டீங்களா.

கேட்டுச்சுல்ல? எலி அப்படிக் கத்தாது.

மூஞ்சியை ஏன் இப்படி வச்சுக்கிறீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என் மருமகதான், அவன் பொண்டாட்டி. வெளிய யாராவது பாத்துடுவாங்கன்னு ஜன்னலைச் சாத்தியே வச்சிருக்கா, லைட்டு போனா உள்ள கும்மிருட்டு.

அவங்க வீட்டுல எல்லாம் இதே சாமான்தான் தம்பி. சுவத்துல ஒரு சுவிட்ச் கிடையாது, வழவழன்னு இருக்கும். எல்லாம் அவன் போன்ல. நான் போனப்போ பெருமையாக் காட்டினான், நானும் வாயைப் பொளந்து பாத்துட்டு வந்தேன். இவ ஏதாவது எதுத்துப் பேசினா, ஆபீஸ்ல இருந்துக்கிட்டே வீட்டு லைட்டை அணைச்சிடுவானாம். பாதிக் குளியல்ல நிப்பா, அணைஞ்சிடும். மன்னிப்பு கேட்டாத்தான் எரியும். கையை ஓங்கினதே இல்லையாம். அதைச் சொல்லித்தான் அழறா. அடிச்சிருந்தாலாவது யார்கிட்டயாவது காட்டியிருப்பேன் அத்தை, இருட்டைக் கொண்டுபோய் யார்கிட்ட காட்டுறதுங்கிறா.

பொறந்த வீட்டுக்குப் போனா முதல்ல அங்கதான் வந்து நிப்பான்னு இங்க வந்துட்டா. அங்கெல்லாம் தேடி முடிச்சிட்டான் போல. அதான் திடீர்னு அம்மா பாதுகாப்பு ஞாபகம் வந்திருக்கு அவனுக்கு.

வந்த அன்னைக்கு அந்த ரூம் சுவிட்சைப் போட்டா, அணைச்சா. மறுபடியும் போட்டா, அணைச்சா. டக்கு டக்குன்னு ரொம்ப நேரம்.

பெத்த பையனுக்கே இப்படிப் பண்ணலாமான்னுதானே பாக்கிறீங்க? பெத்தவதான் பண்ணணும். வேற யாரு வந்து பண்ணுவா?

போய்ச் சொல்றதுன்னா தாராளமா சொல்லுங்க, அவன் வந்தா வாசல்ல நான் நிப்பேன். ஆனா ஒண்ணு, அந்த எக்சேஞ்ச்ல உக்காந்து ஊர்ப்பட்ட கதை கேட்டிருக்கேன், என் வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய போனதில்ல. வீடு வீடா ஏறி இறங்குற உங்க வேலையிலயும் அந்த மாதிரி ஏதாவது இருக்கும்னு நினைக்கிறேன். அம்மா ஒத்துக்கலன்னு சொல்லுங்க. ஒயர் வரலன்னு சொல்லுங்க. ரெண்டும் நெசம்தானே.

இருங்க, இருங்க, அந்த பிரேக்கரை நீங்க போடாதீங்க. தள்ளி நில்லுங்க.

வாம்மா, வெளிய வா. அவன் இல்ல, லைட்டு வேலைக்கு வந்தவரு, தெரியாம அணைச்சிட்டாரு. இங்க பாரு, இந்த ஓரத்துல இருக்கே, இதுதான் உன் ரூமுக்கு. மேல தள்ளு. நான் இல்லம்மா, நீ. நீயே தள்ளு.