பதினாலு பேரும் இருக்கிறோம்

ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது காலுறையைத்தான். பருத்தியில் போட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். சாலையிலிருந்து பார்த்தால், நாங்கள் நடக்கிற போட்மின் மூர் மேட்டுநிலம் வெறும் புல்மேடாகத்தான் தெரியும். உள்ளே நாலு எட்டு வைத்தால் முழங்கால்வரை சேறு. நனைந்த பருத்தி காலைக் கொப்புளமாக்கிவிடும். என்னை நம்பி வந்தவர்கள் நொண்டிக்கொண்டு வீடு திரும்புவது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர்.

பத்தொன்பது வருடமாக இந்தக் குழுவை நடத்துகிறேன். நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்தவர்களைப் புதைத்து, மேலே கல்லைக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்களே, அந்தக் கற்குவைகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்ப்போம். சுற்றி வருவோம், சண்டை போடுவோம், கறி அடைத்த பேஸ்டி தின்போம். பெட்ராக் நான்ஸ் கசாப்புக் கடை வைத்திருந்தவர். எந்தக் குவைக்குக் கூட்டிப் போனாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இதுவும் கல்லுதான்," என்பார். பதினொரு வருடமாக அதே வார்த்தை. பதினொரு வருடமாக நாங்களும் சிரிக்கிறோம்.

ஹெண்ட்ரா மேட்டுக் குவையை மட்டும் பெட்ராக் அப்படிச் சொன்னதில்லை. அது நான் கண்டுபிடித்தது. தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். தபால்தலை கேட்டவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. புதர் மண்டிக் கிடந்த அந்தக் குவியலை ஒரு நிபுணர் வந்து பார்த்தார், வெண்கலக் காலம் என்றார், மாவட்டத் தொல்லிடப் பட்டியலில் ஏற்றினார்கள். கண்டவர்: லவ்டே டிரெவர்த்தன். அதற்குள் ஓர் இளவரசி தூங்குகிறாள் என்று நான்தான் ஒரு கதையைச் சொல்லிவைத்தேன். எங்கள் குழுவில் இருக்கிற கெரன்சா ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே பூ வைப்பாள். கணவன் இறந்த வருடம், வீட்டில் அழுகை வரவில்லை என்று அங்கே வந்து அழுதாள். திரும்பும்போது இரண்டு குங்குமப்பூ பன் சாப்பிட்டாள். அப்படிப்பட்ட இடம் அது.

கிளெமன்ட் ஹாஸ்கிங் எங்களோடு சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். நன்றாகச் சிரிக்க வைப்பார். எதைப் பார்த்தாலும் நாடாவை எடுத்து அளப்பார், அது ஒன்றுதான் குறை. நீங்கள் கேட்கிற அந்த வாரம், வியாழக்கிழமை போன் செய்தார்.

"லவ்டே, உக்காந்துட்டு கேளுங்க. உங்க இளவரசி ஒரு குதிரைம்மா."

யாரோ ஒரு விவசாயியின் நாட்குறிப்பு அவர் கையில் கிடைத்திருக்கிறது. வயலில் பொறுக்கிய கல்லை எல்லாம் ஹெண்ட்ராவில் கொட்டி, அடியில் செத்த குதிரையைப் புதைத்தானாம். நூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை.

"பேரு டச்சஸாம். நல்ல குதிரைன்னு எழுதியிருக்கான்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "ஞாயித்துக்கிழமை பாக்கும்போது பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் இருப்பார்கள். நான் கெரன்சாவைத்தான் நினைத்தேன். என்னைப் பற்றி நினைக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அருமையான நாள். சாப்பாட்டின்போது கிளெமன்ட் இரண்டு முறை என் பக்கம் வந்தார். இரண்டு முறையும் நான் வேறு பக்கம் பேச்சை வைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது. வெள்ளீயம் தோண்டிய பழைய பள்ளங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தோம். ஒரு நடுகல்லை அளக்க அவர் நாடாவோடு ஒதுங்கினார். அதை நான் பார்த்தேன். கொஞ்சம் கழித்துக் கல் சரிகிற சத்தம். பெரிய சத்தம் இல்லை.

மூடுபனியில் ஆட்களை எண்ணுவது என் வழக்கம். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணுவேன். பன்னிரண்டு தோள்களைத் தொட்டேன், என்னோடு சேர்த்துப் பதிமூன்று. "பதினாலு பேரும் இருக்கிறோம்," என்றேன். திட்டமிட்டுச் சொன்னதல்ல. வாயில் வந்தது.

அப்புறம் விசில். ஆபத்து என்றால் ஆறு முறை ஊதச் சொல்லி எல்லோருக்கும் நானே வாங்கிக் கொடுத்தது. பெட்ராக் நின்றார்.

"ஏங்க லவ்டே, விசில் மாதிரி கேக்குதே?"

"ஆள்காட்டிக் குருவி," என்றேன்.

"குருவி ஆறு தடவை எண்ணிக் கத்துமா?"

"உங்க தொப்பியப் பாத்தா அறுபது தடவகூடக் கத்தும். பாட்ட எடுத்துவிடுங்க, பனியில யாரும் பிரிஞ்சிடக் கூடாது."

பெட்ராக்குக்குப் பெரிய தொண்டை. சுரங்கத் தொழிலாளர் பாட்டை எடுத்தார். எல்லோரும் கூடச் சேர்ந்தார்கள். எத்தனையோ நடை போயிருக்கிறோம், அவ்வளவு நன்றாக என்றைக்குமே பாடியதில்லை. கார் நிறுத்துமிடம் வரும்வரை நிறுத்தவே இல்லை. யாரோ கிளெமன்ட்டைக் கேட்டார்கள். முன்னாலேயே கிளம்பிவிட்டார், வேறு வழியாகப் போகிறேன் என்றார் என்று சொன்னேன். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மறுநாள் காலை தேடுதல். அவருடைய தங்கை போலீசுக்குச் சொல்லியிருந்தாள். மீட்புக் குழுவில் ஆள் குறைவு. பள்ளங்கள் இருக்கும் பக்கம் எனக்கு அத்துப்படி என்பதால் வயர்லெஸ்ஸைக் கொடுத்துத் தனியாக அனுப்பினார்கள். ஒன்பது மணி வாக்கில் அவரைப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில், சரிந்த கல்லுக்கு இடையில் கால் மாட்டியிருந்தது. கண் திறந்திருந்தது.

"வந்துட்டீங்களா," என்றார். "நீங்கதான் வருவீங்கன்னு தெரியும்."

இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளிரில் அவருக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. என் கழுத்துத்துணியைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றிவிட்டேன். அதை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். பரவாயில்லை. நடுங்குகிற மனிதரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"பையில அந்த நாட்குறிப்புத் தாள் இருக்கு," என்றார். "உங்ககிட்ட குடுக்கத்தான் ஞாயித்துக்கிழம அலைஞ்சேன். புடியே குடுக்கல நீங்க. அடுப்புல போட்டுடுங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. கெரன்சா முகம் வாடுறத நம்மால பாக்க முடியாதும்மா."

எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். நன்றி சொன்னேன். மனதார.

பிறகு கேட்டார். "நான் விசில் ஊதுனேன். பாட்டுச் சத்தம் எனக்குக் கேட்டுது. உங்களுக்கு விசில் கேக்கலயா, லவ்டே?"

குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இதைத்தான் நாளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் கேட்பார். பெட்ராக்கிடம் கேட்பார். கெரன்சாவிடம் கேட்பார். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வயர்லெஸ் கூப்பிட்டது. அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தி, "என் பக்கம் முழுக்கப் பார்த்தாச்சு, யாரும் இல்லை," என்றேன். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவ்வளவு நாகரிகமானவர்.

தெர்மாஸில் டீ இருந்தது. ஊற்றி நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் நான் குடித்தேன். பிறகு கீழே போனபோது மீட்புக் குழுவினர் சூடாக சூப் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களுடைய மோப்ப நாய் அவரைக் கண்டுபிடித்தது அதற்கும் அடுத்த நாள்.

பதினொன்றரை மணிவரைக்கும் அவர் மூச்சு வந்துகொண்டிருந்தது. எனக்குக் கால் மரத்துப்போனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். ஆனால் லவ்டே டிரெவர்த்தன் கூட வந்த மனிதரை அந்த மேட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள்.