வெளிப்பக்கம் பூட்டிய வீடு

— கடத்தல்னே எழுதுங்க மேடம். என் பொண்டாட்டி என் அம்மாவைக் கடத்திட்டுப் போயிட்டா.

— முதல்ல உட்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது. ஸ்டேஷனுக்கு ஓடியே வந்தீங்களா?

— உட்கார நேரம் இல்ல மேடம். மத்தியானம் கடையில இருந்து சாப்பிட வந்தேன். கேட்டு ஆன்னு திறந்து கெடக்கு. வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அம்மாவுக்கு அடிச்சா போனை எடுக்கல.

— என்ன கடை?

— டயர் கடை. மார்க்கெட்டுக்கு எதிர்ல. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

— சரி. மாமியாரும் மருமகளும் எங்கயாவது கிளம்பிப் போயிருக்கலாமே. இதுல கடத்தல் எங்க வந்துச்சு?

— கிளம்ப முடியாது மேடம். ஒரே வார்த்தைல சொல்றேன். நான் கடைக்குப் போகும்போது கேட்டைப் பூட்டிட்டுத்தான் போவேன்.

— உள்ள ஆள் இருக்கும்போதா?

— ஆமா.

— வெளிப்பக்கமா?

— வெளிப்பக்கமாத்தான். காலம் கெட்டுக் கெடக்கு. ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கற வீடு. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்.

— பூட்டியிருந்த கேட்டு எப்படித் திறந்துச்சு?

— உடைச்சிருப்பா.

— பூட்டு உடைஞ்சிருந்துச்சா?

— அதை... நான் சரியா கவனிக்கல.

— சரி. இந்தப் பாதுகாப்பு எப்போ ஆரம்பிச்சது?

— ஒரே வார்த்தைல சொல்றேன் மேடம். அவ பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட உதவியாளரா சேர்ந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி அதே வேலைதான் பார்த்தாளாம், வீட்டுல சும்மா உட்கார்ந்தா கை துருப்பிடிச்சுப் போகுதாம். நானும் நல்லவிதமா சொல்லிப் பார்த்தேன். நீங்க என்னைக் கேட்டுட்டா டயர் விக்கறீங்கன்னு திருப்பிக் கேட்டா. மறுநாள்ல இருந்து பூட்டினேன்.

— அவங்க போன்?

— என்கிட்ட இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்.

— அதையும் பூட்டித்தான் வச்சிருக்கீங்களா?

— கிண்டல் பண்ணாதீங்க மேடம். நான் ஒரு நாள் கை நீட்டினது கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு, டிவி, ஃபேன், கேட்ட புடவை. அவளுக்கு என்ன குறை?

— ஒரு கதவுதான் குறை போல. அவங்களுக்கு வயசு என்ன?

— இருபத்தொம்பது.

— இருபத்தொம்பது வயசு ஆளு வெளிய போக யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல. வேலைக்குப் போகவும் வாங்க வேண்டியதில்ல.

— நீங்க சட்டம் பேசறீங்க. இது எங்க குடும்ப விஷயம்.

— ஒரு ஆளை இஷ்டத்துக்கு மாறா அடைச்சு வைக்கறது குற்றம். அடைச்சது புருஷனா இருந்தாலும் குற்றம்தான். புகார் கொடுக்கறேன்னு வந்து, நான் கேக்கறதுக்கு முன்னாடியே நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க.

— என் அம்மாவைக் காணோம்னு வந்தா என் மேலயே திருப்பறீங்களே. முதல்ல அவங்களைத் தேடுங்க. அவங்களுக்குத் தனியா ரோடு தாண்டக்கூடத் தெரியாது.

— நல்லாவே தாண்டுவாங்க. வீட்டுல இருந்து இங்க நடந்துதான் வந்தாங்க.

— இங்கயா? அம்மா இங்கயா இருக்கு?

— பக்கத்து ரூம்ல. டீ வாங்கிக் கொடுத்தோம், தொடல.

— அப்பாடா. நான்தான் சொன்னேனே மேடம். அவ ஏதோ படுத்தியிருக்கா. தாங்க முடியாம புகார் கொடுக்க வந்திருக்கும்.

— புகார்தான் கொடுத்திருக்காங்க. உங்க மனைவி மேல இல்ல.

— பின்ன யார் மேல?

— அம்மா, இப்படி வாங்க. நீங்களே சொல்றீங்களா?

— சொல்றேன் தாயி. டேய், உட்காரு. நின்னுக்கிட்டுக் கேக்கற சேதி இல்ல இது.

— அம்மா, உன்னை யாரு இங்க கூட்டிட்டு வந்தது? அவ எங்க?

— அவ அப்பா தவறிட்டாருடா.

— என்னம்மா சொல்ற?

— நீ கடைக்குப் போன கொஞ்ச நேரத்துல அவ தம்பி என் போனுக்குக் கூப்பிட்டான். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரில இருக்காரு, அக்கா அக்கான்னு கேக்கறாருன்னான். அவ செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்து நின்னா. அத்தை, கேட்டைத் திறங்கன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவன் சாப்பிட வருவான், கேட்டுட்டுப் போன்னேன்.

— எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா.

— விட்டு விட்டுப் பண்ணினேன். நீ எடுக்கல.

— கடையில லாரி வந்து நின்னுச்சு. நாலு சக்கரமும் கழட்டிப் போட்டிருந்தோம். நான்... பார்த்தேன், நீதானேன்னு விட்டுட்டேன்.

— மறுபடி அந்தப் பையன் கூப்பிட்டப்ப அவர் இல்ல.

— அவகிட்ட யாரு சொன்னது?

— நான்தான். கத்துவா, என் முடியைப் பிடிச்சு உலுக்குவான்னு நெனச்சேன். ஒண்ணும் பண்ணல. செருப்பை இருந்த இடத்துல வச்சுட்டுப் போய், கட்டில்ல உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பிச்சா. உன் சட்டைடா. காலரை நீவி நீவி மடிக்கறா. பெத்த அப்பன் போயிட்டான்னு கேட்டும் அந்தப் பொண்ணு வாசல் பக்கம் திரும்பல. திறக்கமாட்டாங்கன்னு அவ மனசுல அவ்வளவு ஊறிப்போயிருக்கு.

— இப்ப அவ எங்கம்மா?

— திறந்து விட்டு, வண்டி பிடிச்சு அனுப்பி வச்சேன். அப்பறம் இங்க வந்தேன்.

— நான் போறேன். இப்பவே போறேன்.

— நீங்க எங்கயும் போகல. அவங்க தம்பி போன்ல நான் அவங்ககிட்ட பேசிட்டேன். உங்களைப் பார்க்க விரும்பலன்னு சொன்னாங்க.

— செத்தது என் மாமனார் மேடம்.

— அவங்களுக்கு அப்பா.

— அம்மா, ஒரே வார்த்தைல... ஒரே வார்த்தைல சொல்றேன். தப்புதான். இனிமே பூட்டு கிடையாது. வேலைக்குப் போகட்டும், எங்க வேணா போகட்டும். நீ இந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கு. பெத்த பிள்ளையை யாராவது ஸ்டேஷன்ல கொண்டுவந்து நிறுத்துவாங்களா?

— நிறுத்திட்டேனேடா.

— கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. கேஸுன்னு போனா நீயும்தான் மாட்டுவ. இன்னொரு சாவி உன் இடுப்புலதானே இருந்துச்சு? காலையில பூட்டினது நான். பொழுதன்னைக்கும் திறக்காம இருந்தது யாரு? இதெல்லாம் இவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?

— நான் வந்து உட்கார்ந்ததும் அதைத்தான்டா முதல்ல சொன்னேன். குற்றவாளின்னு எழுதற இடத்துல முதல் பேரு என்னுது. உன்னுது ரெண்டாவது.