நுரை காயறதுக்குள்ள

— ஐயோ, நிறுத்துங்கம்மா! அந்தப் பிரஷை கார் மேல வைக்காதீங்க!

— ஏன் சார்? கழுவத்தானே மாட்டி வச்சிருக்காங்க?

— மாட்டி வச்சிருக்காங்க, சரி. உங்களுக்கு முன்னாடி இந்தக் கழுவற தடுப்புல என்ன நின்னுச்சு, பாத்தீங்களா? உருளைக்கிழங்கு ஏத்தற டிரெய்லர். சக்கரத்துல இருந்த வயக்காட்டுச் சேறு மொத்தத்தையும் அந்தப் பிரஷாலதான் தேய்ச்சுட்டுப் போனான். இப்ப அந்த மணலை வச்சு உங்க காரை நீங்களே உரசப் போறீங்க. அதான் கணக்கு.

— பழைய கார் சார். போனாப் போகுது.

— கார் பழசா இருக்கட்டும். பெயின்ட்டு என்ன பாவம் பண்ணுச்சு?

— நீங்க உங்க வண்டியைப் பாருங்களேன்.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நுரை ஊறுது, இன்னும் நேரம் இருக்கு. சவ வண்டி பக்கத்துல நிக்குதேன்னு சங்கடப்படாதீங்கம்மா, உள்ள யாரும் இல்ல. இன்னிக்கு ஏறப் போறவரு மாதா கோயில்ல இருக்காரு. பதினொரு மணிக்குத்தான் பூசை.

— சங்கடம் ஒண்ணும் இல்ல. உள்ள நுழையும்போதே பாத்தேன்.

— பாத்துட்டும் பக்கத்துலயே வந்து நிறுத்தினீங்களா? பெரும்பாலும் ரெண்டு தடுப்பு தள்ளித்தான் நிறுத்துவாங்க. ஒருத்தன் சிலுவை போட்டுட்டு ரிவர்ஸ்லயே வெளிய போனான்.

— உங்களுக்கு அது பழகிப் போயிருக்கும்.

— எனக்குப் பழகினது பெயின்ட்டுதான். இருபத்திரெண்டு வருஷம் பட்டறையில பெயின்ட் அடிச்சேன். முதுகு போச்சு, இதுக்கு வந்துட்டேன். காயெத்தான்னு பேரு. இந்த ஊர்ல எல்லாரும் ஒரு தடவை என் வண்டியில ஏறித்தான் ஆகணும்.

— அப்ப ஊர்ல எல்லாரையும் தெரியும்.

— ஏறும்போது தெரிஞ்சுக்கறேன். சரி, பிரஷை அதோட கூட்டுல போடுங்க. மெஷின்ல காசு போட்டாச்சா?

— போட்டுட்டேன். மீட்டர் ஓடுது.

— ஓடட்டும். மொதல்ல ரெண்டாம் நம்பர் பட்டனை அழுத்துங்க. எல்லாரும் எடுத்த எடுப்புல நுரைக்குப் போயிடுவாங்க, அதுதான் தப்பு. வெறும் தண்ணியை அடிச்சு மேலாப்புல இருக்கற மண்ணையும் உப்பையும் இறக்கணும். அது கிளம்பாம கையே வைக்கக் கூடாது. எங்கேருந்து வர்றீங்க? நம்பர் பிளேட்டே தெரியல, அவ்வளவு உப்பு.

— வ்ரோட்ஸ்வாஃப்.

— யம்மா! எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?

— தூக்கம் வரல. வராத நேரத்துல கிளம்பிட்டேன்.

— மார்ச் மாசம் வந்தும் பனி உறையக் கூடாதுன்னு ரோட்டுக்காரங்க உப்பைக் கொட்டறதை நிறுத்த மாட்டேங்கறாங்க. தண்ணி அடிக்கற கன்னை அவ்வளவு கிட்டப் பிடிக்காதீங்க. ஒரு முழம் தள்ளி. ஆங், அப்படி. நேரா குத்தாம சாய்வா அடிங்க. கல்லு பட்டு பெயின்ட் பேந்த எடத்துல நேரா அடிச்சீங்கன்னா, தண்ணி அடியில பூந்து ஓடா உரிச்சிடும்.

— ஒரு கார் கழுவ இவ்வளவு இருக்கா?

— இதுக்கே அலுத்துக்கிட்டா எப்படி? சக்கரத்துக்கு உள்ள அடிங்க, மட்கார்டுக்கு உள்ள அடிங்க, உப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். எங்க போறதுக்கு இந்தச் சிங்காரம்? கல்யாணமா?

— இல்ல. வீட்டு விசேஷம் மாதிரி ஒண்ணு.

— மாதிரியா?

— போறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. ஏழரைக்கே ஊருக்குள்ள வந்துட்டேன். சந்தைத் தெருவை மூணு தடவை சுத்தினேன். பேக்கரியில ஒரு பன் வாங்கினேன், திங்க முடியல. அப்புறம் இந்த இடம் கண்ணுல பட்டுது. கார் இவ்வளவு அழுக்கா இருக்கேன்னு தோணுச்சு.

— கையில ஏதாவது வேலை இருந்தா நேரம் ஓடிடும். என் வேலையும் அப்படித்தான். இப்ப ஒண்ணாம் நம்பர். நுரையைக் கீழேருந்து மேல அடிச்சுக்கிட்டு வாங்க. கீழதான் அழுக்கு அதிகம், அங்க கொஞ்சம் கூட ஊறட்டும்.

— இப்படியா?

— அப்படியேதான். பானெட்ல கை வச்சுப் பாருங்க, சூடா இருக்கா?

— இல்ல, ஆறிடுச்சு.

— நல்லது. சூட்டுல நுரை காஞ்சு கறை பிடிச்சுக்கும். இனிமே ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கணும். நுரையே அழுக்கை எடுத்துக்கிட்டு வழியும். நிதானமா இருக்கத் தெரியாதவங்கதான் பிரஷை எடுக்கறாங்க.

— ஒருதரம் தேய்ச்சா என்ன ஆயிடும் சார்? நிஜமாவே கேக்கறேன்.

— என்ன ஆகுமா? சொல்றேன் கேளுங்க. இன்னிக்கு நான் கொண்டு போறேனே, ஹியெரோனிம் ஐயா, பால் சொசைட்டி லாரி ஓட்டினவரு. போன நவம்பர்ல அவரே எங்க ஆபீசுக்கு வந்து எல்லாத்தையும் பேசி முடிச்சாரு. பெட்டி, பூ, கோயில் மணி அடிக்கறவருக்கு எவ்வளவுன்னு எல்லாம். டாக்டர் நாள் குறிச்சுட்டாராம். ஒரு கையெழுத்து விட்டுப் போச்சுன்னு நான் அவர் வீட்டுக்குப் போனேன். கராஜ் தொறந்து கிடந்துச்சு.

— கராஜா?

— ஆமா. உள்ள ஒரு பழைய காரு. கருநீலம். துரு கிடையாது, ஒரு நெளிசல் கிடையாது. ஆனா பானெட்டைப் பாத்தா வயிறு எரிஞ்சு போச்சு. வட்ட வட்டமா கீறல். பாத்திரம் தேய்க்கற நாரை வச்சு யாரோ அழுத்தி அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. ஓரத்துல ஆரம்பிச்சு நடு வரைக்கும், ஒரு இடம் விடாம. ஏம்மா, ஏம்மா! கன்னை ஒரே இடத்துல அடிச்சுக்கிட்டு நிக்கறீங்க! இன்னும் நேரம் ஆகல, நுரையை ஏன் கழுவறீங்க?

— தெரியாம ரெண்டை அழுத்திட்டேன்.

— பரவால்ல, அந்த இடத்துல மறுபடி நுரை போடுங்க. குளிருதா?

— குளிர்தான். சொல்லுங்க. அந்தக் கார்.

— பழைய தொழில் புத்தி போகுமா? மெஷினைக் கொண்டு வர்றேன், ரெண்டு மணி நேரத்துல பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன், காசு வேணாம்னு சொன்னேன். மனுஷன் என்னைப் பாத்த பார்வை இருக்கே! 'தொடாதே. அது என் பொண்ணு கழுவினது'ன்னாரு.

— அவ்வளவுதான் சொன்னாரா?

— அவ்வளவு சொல்லிட்டு டீ போட உள்ள போயிட்டாரு. டீயைக் கொண்டாந்து வச்சுட்டுத்தான் மிச்சம் சொன்னாரு. பொறந்த நாளை விட நம்ம பக்கம் பேர் நாள், நம்ம பேருள்ள புனிதரோட திருநாள்தானே பெருசு. அவர் பேர் நாளுக்கு, அப்பாவை அசத்தணும்னு அந்தப் பொண்ணு விடியக்காலையில எழுந்து கழுவியிருக்கு. பதினஞ்சு பதினாறு வயசு. என்ன தெரியும் அதுக்கு? கார் வாங்கி அப்ப ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சாம்.

— கழுவினதுக்கு என்ன பண்ணாராம்?

— விருந்தாளிங்க வந்து உக்காந்திருக்காங்க. எல்லார் முன்னாடியும் அறைஞ்சுட்டாராம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல, டீ கிளாஸைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, பேச்சு நின்னு போச்சு. மூணு வருஷம் ஒரே வீட்டுல உப்பு எடு, கதவைச் சாத்துங்கற அளவுக்குத்தான் பேச்சு. பத்தொன்பது வயசுல அது வேலைக்குன்னு கிளம்பிடுச்சு. திரும்பி வரல. இவரும் கூப்பிடல.

— ஏன் கூப்பிடலைன்னு கேட்டீங்களா?

— கேட்டேன். 'எனக்கு லாரி ஓட்டத் தெரியும், அதெல்லாம் தெரியாது'ன்னாரு. சரி, நேரம் ஆச்சு. மறுபடி ரெண்டு. இப்ப மேலேருந்து கீழ. கூரையில ஆரம்பிங்க, நுரை அழுக்கோட இறங்கட்டும். நானும் என்னுதை அலசிட்டு வந்துடறேன். அட, போன் வேற! ஹலோ, சொல்லுங்க விட்டோல்ட் சார். ஆமா, கழுவிக்கிட்டு இருக்கேன், பத்தேகாலுக்குக் கோயில் வாசல்ல நிப்பேன்… இல்ல சார், அதை மாத்த முடியாது… ஜனங்க பேசட்டும் சார். அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, எழுத்துல இருக்கு… உங்க கார் அதுக்கு அடுத்தாப்புல வரட்டும், யாரு வேணாம்னா? அந்த இடம் மட்டும் காலியாத்தான் இருக்கும்… கோவிச்சுக்காதீங்க. சரி. சரி, வச்சிடறேன்.

— யாரு?

— அவர் பையன். காலையிலேருந்து இது மூணாவது தடவை.

— என்ன இடம் அது? காலியா இருக்கும்னீங்களே.

— அது பெரியவர் போட்ட ஒரே ஒரு நிபந்தனை. கோயில்லேருந்து கல்லறைக்கு மூணு கிலோமீட்டர், மேட்டுப் பக்கம், எல்லாரும் கார்லதான் வருவாங்க. என் வண்டிக்கு நேர் பின்னாடி பையனோட கார் வர்றதுதானே வழக்கம்? இவர் என்ன எழுதிக் குடுத்திருக்காருன்னா, சவ வண்டிக்குப் பின்னாடி ஒரு கார் இடம் விட்டுடணும், அது பொண்ணுக்கு. அவ வரலைன்னாலும் வேற யாரும் அதுல நுழையக் கூடாது. காலியாவே மலை மேல வரணும்.

— காலியாவே.

— ஆமா. பையனுக்கு அதான் எரிச்சல். கூடவே இருந்து மருந்து குடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைஞ்சவன் நான், எனக்கு முன்னாடி ஒரு ஓட்டையான்னு கேக்கறாரு. அவர் பக்கமும் நியாயம் இருக்குல்ல?

— இருக்கு.

— ஊரே பாக்குமே, பல்லு விழுந்த மாதிரி நடுவுல ஒரு இடைவெளின்னு. ஆனா நான் வாக்குக் குடுத்துட்டேன். செத்தவங்களுக்குக் குடுத்த வாக்கை யார் வந்து கேக்கப் போறாங்க? அதனாலயே மீறக் கூடாது.

— இந்த விஷயம் அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?

— அண்ணன்காரர் சொல்லியிருப்பாருல்ல?

— எப்படிச் சொல்லியிருப்பாரு?

— எனக்கென்ன தெரியும்? போன்ல சொல்லியிருப்பாரு.

— 'அப்பா போயிட்டாரு. சனிக்கிழமை பதினொரு மணி. வரணும்னு கட்டாயம் இல்லை.' இப்படி ஒரு செய்தி அனுப்பியிருந்தா?

— சேச்சே, அப்படியா அனுப்புவாங்க? கதவு இடுக்குல நுரை நிக்குது பாருங்க, அங்க அடிங்க. கண்ணாடிக்குக் கீழயும். ஆங். இப்ப நாலாம் நம்பர். அது உப்பு இல்லாத தண்ணி, காஞ்சா புள்ளி விழாது. தேய்ச்சுத் துடைக்க வேணாம்.

— துடைக்க வேணாமா? வீட்டுத் துண்டு ஒண்ணு வச்சிருக்கேன்.

— குளிக்கற துண்டா? தூக்கிப் பின் சீட்டுல போடுங்க. என்கிட்ட மெத்துன்னு நல்ல துணி இருக்கு, புதுசு. தேய்க்காதீங்க. மேல விரிச்சுப் போட்டு, அப்படியே எடுங்க. ஒத்தி எடுக்கணும், அவ்வளவுதான். கதவைத் தொறந்து ரப்பரையும் ஒத்திடுங்க, ராத்திரி தண்ணி உறைஞ்சா கதவு ஒட்டிக்கும்.

— இப்படியா?

— அப்படியேதான். கை நல்லா நிதானத்துக்கு வந்துடுச்சே! காரு வெள்ளைன்னே இப்பதான் தெரியுது. ஒரு கீறல்கூட விழல, பாத்தீங்களா?

— பாத்தேன்.

— முழுசா ஒத்தி முடிச்சுட்டு, துணியை நீங்களே வச்சுக்கோங்க. நான் கிளம்பறேன். பூக்காரங்க வந்திருப்பாங்க. நீங்க போகவேண்டிய இடம் எந்தப் பக்கம்? மேட்டுப் பக்கம்னா பன்னெண்டுக்குள்ள தாண்டிடுங்க. எங்க வரிசை ஏற ஆரம்பிச்சுட்டா மெதுவாத்தான் போகும், நடுவுல மாட்டிக்கிட்டா ஒதுங்க வழி இல்ல.

— மேட்டுப் பக்கம்தான்.

— அப்ப முடிவு பண்ணிட்டீங்களா? விசேஷத்துக்குப் போறீங்களா?

— போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார், நான் இது வரைக்கும் இந்த மாதிரி வரிசையில ஓட்டினதில்ல.

— எந்த வரிசையில?

— அப்பாவுக்குப் பின்னாடி எத்தனை மீட்டர் விட்டு ஓட்டணும்?