கோல்காப்பாளரின் அக்கா

தேநீரில் இஞ்சி கொஞ்சம் கூடிப்போயிற்று, எமில். மனைவி போனபிறகு என் கைக்கு அளவு இன்னும் பிடிபடவில்லை. இருந்து குடி. நீ வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாது.

"ஐயா, அக்காவைப் பற்றி இளவாலையாருக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாய். பதினொரு வருடத்துக்கு முன் உன் அக்கா ஷாமினியைத் தன் சகோதரி மகனுக்குப் பேசிவந்த மனிதரை ஒரு செத்தவீட்டில் கண்டாயாம். விதானையார், அதாவது நான், சொன்னபடியால்தான் அந்தச் சம்பந்தத்தை விட்டோம் என்று அவர் உன்னிடம் சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை.

போன ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போன கொக்குவிலார் இன்னும் போன் எடுத்து முடிவு சொல்லவில்லை என்றும் சொன்னாய். மனைவியை இழந்த வாத்தியார், மரியாதையான ஆள். முப்பத்தைந்து வயதில் உன் அக்காவுக்கு இனி இப்படி ஒன்று வருமோ தெரியாது. அவளுடைய காரியம் முடிந்தால்தான் நீ கனடாவுக்குப் போகலாம். அங்கே நிவேதனா ஆறு வருடமாக உனக்காகக் காத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் கழகத்திலிருந்து தொடங்கினால்தான் உனக்கு விளங்கும்.

நான் கடற்சுடர் உதைபந்தாட்டக் கழகத்தைப் பொறுப்பெடுத்த காலத்தில் மற்றக் கழகங்களுக்கெல்லாம் பக்கத்து ஊர்க் கழகம் எதிரி. எங்களுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம். ஒரு பொடியனுக்குப் பந்தை நிறுத்தப் பழக்கி முடிக்க, அவனுடைய மாமன் பாரிஸிலிருந்து பயணத்துக்குக் காசு அனுப்பிவிடுவார். றொஷானை உனக்கு நினைவிருக்கும். கால் என்றால் அதுதான் கால். அரையிறுதிக்கு முதல்நாள் ஆளைக் காணவில்லை. "பொடியன் கொழும்புக்குப் பல்லுக் காட்டப் போயிட்டான்" என்று தாய் சொன்னார். அடுத்த மாதம் ஈபிள் கோபுரத்துக்குக் கீழே நின்று படம் போட்டான், எங்கள் ஜேர்சியோடு. ஆளும் போய், புது ஜேர்சியும் போயிற்று.

அந்த வருடம் நாங்கள் கடைசி. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாரும் பொடியனின் காலைப் பார்த்து எடுக்கிறார்கள். நான் வீட்டைப் பார்த்து எடுக்கவேண்டும். ஊர்ப் பதிவெல்லாம் கையில் வைத்து விதானை உத்தியோகம் பார்த்தவனுக்கு எந்த வீட்டில் யாருக்கு யார் வெளிநாட்டில் என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லீக்கில் தெரிவுநாள் என்று ஒன்றைக் கொண்டுவந்ததும் நல்லதாய்ப் போயிற்று. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை மைதானத்தில் நிறுத்திவைத்துக் கழகங்கள் முறைவைத்துக் கூப்பிட வேண்டும். கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் முறை. உரும்பிராய்ப் பொடியன் லெனாட் வாயெல்லாம் பல்லாக முன்னுக்கு வந்து நின்றான். கோல் அடிப்பதற்கென்றே பிறந்தவன். அவனுக்கு ரொறன்ரோவில் இரண்டு மாமன்மாரும் இருந்தார்கள். நான் உன் பெயரைக் கூப்பிட்டேன். அப்போது நீ ஈர்க்குப்போல இருப்பாய். "கோல் கம்பம் ரெண்டு காணாதெண்டு விதானையார் மூண்டாவதையும் எடுத்திட்டார்" என்று பின்னால் நின்று ஒருவன் சொல்ல, மைதானமே சிரித்தது.

சிரிக்கட்டும் என்று விட்டேன். உன் அப்பா சிமியோன் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. வீட்டில் அம்மா அற்புதராணி, கலியாணமாகாத ஒரு அக்கா. தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் வவுனியாவுக்கு அப்பால் ஒரு சொந்தமும் கிடையாது. அதோடு, முன்களத்தில் ஓடுகிறவனுக்கு முப்பது வயதில் முழங்கால் போய்விடும். கோல்காப்பாளர் நாற்பது வரை நிற்பார். உன்னைவிட நல்ல தெரிவு அந்த மைதானத்தில் இருக்கவில்லை. இதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லுவேன்.

எடுப்பது பாதி வேலை, வைத்திருப்பது மற்றப் பாதி. லீக்கில் மூன்று பருவத்துக்கு ஒரு கையெழுத்து. அது முடிந்தால் பொடியன் விரும்பிய இடத்துக்குப் போகலாம். முடிகிற வருடத்தில் போய்க் கெஞ்சுகிறவனைப்போல விசரன் இல்லை. இரண்டு வருடம் இருக்கும்போதே அலுவலைப் பார்க்கவேண்டும். பின்களத்து ஜஸ்ரினுக்கு எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி, பெண் பார்த்துக் கொடுத்தேன். தாயை விட்டு ஒரு பகல்கூட இருக்கமாட்டாத பிள்ளை. அவன் இன்றைக்கும் இங்கேதான் நிற்கிறான், சந்தோசமாகவும் இருக்கிறான். நடுக்களத்துப் பொடியனுக்குக் கடற்றொழிலாளர் சங்கத்தில் வேலை எடுத்துக் கொடுத்தேன். இவற்றில் எதையாவது நீ பிழை என்று சொல்வாயா?

உனக்கு மட்டும் நான் ஒன்றும் செய்யவேண்டி இருக்கவில்லை. கொழும்புக் கழகம் ஒன்று வேலையும் தந்து உன்னைக் கேட்டபோது, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே நீ எனக்குச் சொன்னாய்: "அக்காவைக் கரைசேர்த்துப்போட்டுத்தான் ஐயா நான் எங்கையும் வெளிக்கிடுவன். அம்மாவையும் அவவையும் தனிய விடேலாது." எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் வேறொன்றும் நினைத்தேன்.

இளவாலையார் வந்தது அதற்குப் பிறகுதான். இதோ, நீ இருக்கிற கதிரையில்தான் இருந்தார். ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் என்னிடம்தானே வருவார்கள்.

"பெட்டை எப்பிடி, விதானையார்?"

"நல்ல பிள்ளை. தாயும் நல்ல மனுசி, தனியக் கிடந்து வளத்தவ."

"வேறை ஒண்டும் இல்லைத்தானே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "இப்ப ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன்.

"இப்ப எண்டால்? முந்தி ஏதும்..."

"சீச்சீ, நான் ஒண்டும் சொல்லேல்லை. பிளேன்ரீயைக் குடியுங்கோ, ஆறுது."

இவ்வளவுதான் நடந்தது. ஒரு கிழமைக்குள், பொடியனுக்கு இப்போது கலியாண அவசரம் இல்லையென்று சொல்லியனுப்பினார்கள். நீ அடுத்த மூன்று பருவத்துக்குக் கையெழுத்து வைத்தாய். நாங்கள் முதல் கிண்ணத்தை எடுத்ததும் அந்த வருடம்தான். தண்ட உதை இரண்டை நீ பாய்ந்து பிடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும்.

அடுத்ததாக மன்னாரிலிருந்து பெண் பேசி வந்தார்கள். இளவாலையார் ஏன் சம்பந்தத்தை விட்டவை என்று கேட்டார்கள். "அதை அவையளிட்டையெல்லோ கேக்கவேணும்" என்றேன். நியாயமான பதில்தானே. அதற்குப் பிறகு நான் பெரிதாக வாய் திறக்கவேண்டி வரவில்லை. சனம் தானாகவே கதைத்துக்கொண்டது. வலிப்பு என்ற சொல்லை யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அது என் வாயிலிருந்து வரவில்லை. நீ அதை நம்பவேண்டும்.

முன்பள்ளியில் ஷாமினியின் வேலை போனது எனக்குக் கவலைதான். வலிப்புக்காரியிடம் பிள்ளைகளை விடமாட்டோம் என்று தாய்மார் நின்றுவிட்டார்கள். உன் அம்மா அவளை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நேர்த்தி வைத்தார். தலையை ஸ்கான் பண்ணியும் பார்த்தீர்கள். அதில் ஒன்றும் இல்லையென்று வந்ததுதான் சனத்துக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. ஒன்றும் இல்லாதவளை ஏன் ஸ்கான் பண்ணுகிறார்கள் என்று கேட்டார்கள். சனத்தின் வாயை யாரால் மூட முடியும்?

கடைசியில் ஷாமினியே அதை நம்பத் தொடங்கினாள். தான் நித்திரையில் இருக்கும்போது ஏதோ நடக்கிறது, அம்மாவும் தம்பியும் மறைக்கிறார்கள் என்று நினைத்தாள். கிணற்றடியில் தனியாகக் குளிக்கப் பயந்தாள். வாளியோடு உள்ளே விழுந்துவிடுவேன் என்று உன் அம்மாவைக் கூடவே நிற்கச் சொன்னாளாம். உன் அம்மா இதை என்னிடம் சொல்லி அழுதார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நாங்கள் நாலாவது முறையாக இறுதியாட்டத்துக்கு வந்திருந்த நேரம் அது.

உன் அம்மா போல ஒரு மனுசியை நான் கண்டதில்லை. என் மகள் அபிகாயிலுக்கு மெல்பேணிலிருந்து சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்கைக்குள் வந்து உன் அம்மாவிடம்தான் விசாரித்தார்கள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து அரைமணி நேரம் என் பிள்ளையின் குணத்தைச் சொன்னாராம். "அந்தப் பிள்ளை கால் வைக்கிற வீடு விளங்கும்" என்றாராம். அந்தக் கலியாணம் ஒப்பேறியதே அவரால்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அவர் சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "ஐயா, என்ரை பெட்டையை நீங்கள்தான் பாக்கவேணும்" என்றார். "நான் பாக்கிறன், அற்புதம்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்குப்படி நத்தாருக்கும் ஈஸ்ரருக்கும் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறேனா, இல்லையா?

என்ன கேட்டாய்? "ஒரு கிண்ணத்துக்காகவோ ஐயா?" என்றா?

ஒரு கிண்ணம் இல்லை, எமில். ஒன்பது. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று எல்லா இடத்திலுமிருந்து எனக்குப் போன் எடுத்துக் கேட்கிறார்கள்: இந்தக் காலத்தில் ஒரு அணியை இத்தனை வருடம் கலையாமல் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று. நல்ல பிள்ளைகளாகப் பார்த்து எடுப்பேன், எடுத்த பிள்ளைகளை விடமாட்டேன் என்று சொல்லுவேன். அவர்களுக்கு அது போதும். உனக்குத்தான் முழுவதையும் சொல்கிறேன். உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

கண்ணைத் துடை. கொக்குவிலாரின் போனுக்காக நீயும் ஷாமினியும் இனிக் காத்திருக்க வேண்டாம். அவர்கள் புதன்கிழமை இங்கே வந்தார்கள், வாத்தியாரும் அவருடைய தமக்கையும். பிள்ளை எப்படி என்று தமக்கை கேட்டார். நான் இந்தமுறை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், இரண்டு சோடாவை உடைத்து ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வந்தேன். நான் வரும்போது இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் என் கையைப் பிடித்து, "விளங்குது, விதானையார். உங்களுக்கும் சங்கடம்தானே" என்றார். பாவம், நல்ல மனிதர்.

யோசித்துப் பார். உனக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் இரண்டு கையெழுத்துக் காலம் தாராளமாக நிற்பாய். உனக்குப் பின்னால் நிற்க ஒருவனும் இன்னும் தயாராகவில்லை. நிவேதனா கெட்டிக்காரி, அவளுக்கு அங்கே ஒரு வழி பிறக்கும். ஷாமினியையும் நான் மறந்துவிடவில்லை. நேற்றுக் கமிற்றியில் அவளுக்காக எழுந்து கதைத்தேன். இத்தனை வருடத்தில் கழகத்துக்கு அவளைப்போல் செய்தவர் ஒருவரும் இல்லை, இந்த ஆண்டுவிழாவில் அவளைக் கௌரவிக்க வேண்டும் என்றேன். எல்லாரும் கைதட்டி ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவளை முன்வரிசையில் கொண்டுவந்து இருத்து. பொன்னாடையை நானே போர்த்துகிறேன்.